பதினொரு தரம் வந்த பெண்

போன ஞாயிறு யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போயிருந்தேன். புத்தகத்தை விரித்ததும் புது மையும் பசையும் கலந்த வாசம் வந்தது. மேடையில் ஆறு பேர் பேசினார்கள், ஆறு பேரும் புகழ்ந்தார்கள். ஒருவர் அந்தக் கவிதைத் தொகுதியை "அருமையான நாவல்" என்றே சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாசமும் சிரிப்புமாகச் சேர்ந்து என்னை யூட் அண்ணையின் அச்சகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டன.

போர்நிறுத்தம் இருந்த, சமாதான காலம் என்று நாங்கள் சொல்கிற அந்தச் சில வருசங்கள். குருநகர்க்காரரான யூட் அண்ணை அச்சுவேலியில் அச்சகம் வைத்திருந்தார். நான் அங்கே கணினியில் எழுத்துக் கோர்க்கிறவள். பிழைப்புக்குக் கலியாண அழைப்பிதழும் செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலரும். ஆசைக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் இலக்கியச் சஞ்சிகை. எல்லாம் ஒரே கைதானே? ஒருமுறை "வாசகர்களுக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று அடித்து, அது அப்படியே அச்சாகியும் போனது. பொருத்தமாகத்தான் இருந்தது என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டார்.

அந்தச் சஞ்சிகைக்கு விமர்சனம் எழுதியவள் பவளம். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளார்க். எங்கள் ஊர் வாசிகசாலையில் அவளுடைய ஒழுங்கைக்காரர், அந்தச் சந்தில் குடியிருப்பவர்கள், எவருக்கும் அங்கத்துவம் கொடுப்பதில்லை. சாதி என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். "படிவம் முடிஞ்சுது பிள்ளை" என்பார்கள். அது வருசக்கணக்காக முடிந்தேயிருந்தது. அதனால் என் பெயரில் புத்தகம் எடுத்து அவளுக்குக் கொடுப்பேன். பெரிய புரட்சி செய்வதாக எனக்கு ஒரு நினைப்பு.

வாசிகசாலைத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அவர் ஒரு நாவல் எழுதினார். ஊரே கொண்டாடியது. பவளம் மட்டும் இப்படி எழுதினாள்: "இந்த நாவலில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்கு வரும் பெண் பதினொரு தரம் வருகிறாள். வீட்டு நாய்க்குக்கூடப் பெயருண்டு, அவளுக்கு இல்லை. எங்கள் வாசிகசாலையின் அங்கத்தவர் பதிவேட்டிலும் அவளுடைய ஒழுங்கைக்காரர் ஒருவரின் பெயரும் இல்லை."

பாதி அடித்ததும் நிறுத்தினேன். அந்த நாவலையும் அச்சிட்டது நாங்கள்தான். யூட் அண்ணையிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"புத்தகத்தை அடிச்சது நான். அதைப் பற்றின நியாயத்தையும் நானே அடிக்கிறன். நீ எழுத்துப்பிழையை மட்டும் பார்."

சஞ்சிகை வந்த மூன்றாம் நாள், கொதிக்கிற வெயிலில் அதிபர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் நாவல். பவளமும் அன்று அங்கேதான் இருந்தாள். நான் கணினிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"என்ன பிள்ளை உது? பதினொரு தரமோ? ஒன்பது தரம்தான். எழுதின எனக்குத் தெரியாதே?"

"இருங்கோ சேர், எண்ணிப் பாப்பம்" என்றாள் பவளம்.

நம்பமாட்டீர்கள், இரண்டு பேரும் ஒரே மேசையில் அமர்ந்து முதல் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். யூட் அண்ணை தேத்தண்ணி வைத்தார். ஆறாவது தரம் வரைக்கும் அதிபர் உரத்து எண்ணினார். பிறகு குரல் இறங்கியது. ஒன்பதுக்குப் பிறகு பக்கங்களை அவரே மெல்லத் திருப்பினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"பன்னிரண்டு" என்றார்.

"ஒண்டை விட்டிட்டன் சேர். அடுத்த இதழிலை திருத்தம் போடுறன்."

அவர் நாவலை மூடிவைத்தார். பிறகு, "எங்கடை தோட்டத்துக்கு ஒரு மனுசி இருபது வருசமா வாறா. பேர் தெரியாது எனக்கு" என்றார்.

"கேட்டாச் சொல்லுவா, சேர்."

வாசிகசாலையின் அடுத்த பொதுக்கூட்டத்தில் அவரே ஒரு கட்டுப் படிவத்தை மேசையில் வைத்தார். இரண்டு பேர் கத்திவிட்டு வெளியேறினார்கள். வெளியே காத்துநின்ற ஒழுங்கைச் சனம் உள்ளே வந்து, வரிசையாக நின்று கையெழுத்து வைத்தது. முதல் கையெழுத்து பவளத்தின் தாயுடையது. அன்றைக்கு என் கார்டில் எடுத்திருந்த புத்தகத்தையும் பவளம் என்னிடமே திருப்பித் தந்தாள். "இனி நீயும் ஏதாவது வாசி" என்றாள்.

மறுபடி சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டியபிறகு தாள் வரவில்லை, சஞ்சிகை நின்றுபோனது. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிக் கடை. அதிபரும் இல்லை, யூட் அண்ணையும் இல்லை. பவளம் மட்டும் இன்னமும் எழுதுகிறாள், முகநூலில். போன மாதம் ஒரு நாவலைக் கிழிகிழியென்று கிழித்திருந்தாள். நாவல்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒரு சிவப்பு இதயம் போட்டிட்டுப் போயிட்டான்" என்றாள் எரிச்சலோடு. "கோவிச்சுக்கொண்டு வருவான் எண்டு தேத்தண்ணிக்குத் தண்ணி வேற வச்சனான்!"