கள்ளக் கையெழுத்து பிடித்த காலம்

யுத்தம் தொடங்கிய பிறகு சிகரெட் பெட்டிக்குள் படம் போட்ட அட்டை வருவது நின்றுபோயிற்று. காகிதப் பஞ்சம் என்றார்கள். கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் வண்ணப்படம் அச்சடித்த அந்த அட்டைகளுக்காக, அப்பாக்களையும் மாமாக்களையும் இன்னும் கொஞ்சம் புகை பிடிக்கச் சொல்லிக் கெஞ்சிய கூட்டம் நாங்கள். அட்டை நின்றதும் பைத்தியம் தெளிந்ததா? முற்றிப்போயிற்று! ஆட்டக்காரரே பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அது அட்டை, மற்றதெல்லாம் குப்பை என்று எங்கள் ஹைஸ்கூல் மைதானம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கையெழுத்துக்கு ஊற்று கொழும்பு. யுத்தத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியாவுக்குப் போகிற இங்கிலாந்துக் கோஷ்டி வழியில் அங்கே இறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுக் கப்பலேறும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் தோணிகள் போய்வந்துகொண்டே இருக்கின்றன. கருவாடு போகிற வழியில் கையெழுத்து வராதா? வந்தது. வந்ததில் முக்கால்வாசி கள்ளம்.

கள்ளத்தைப் பிடிப்பது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. முத்து வியாபாரியிடம் வேலை பார்த்த என் மாமாவிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. கேட்டால் தருவார். கேட்காமல் எடுத்துக்கொள்வது இன்னும் வசதி. அதை வைத்துக்கொண்டு நானே சில வழிகள் கண்டுபிடித்திருந்தேன். நிஜ ஆட்டக்காரர் அவசரத்தில் கையெழுத்துப் போடுவார், சுற்றிலும் கூட்டம் நெருக்கும். கோடு பறக்கும். கள்ளன் பார்த்துப் பார்த்து வரைவான், நின்ற இடத்திலெல்லாம் மசி தேங்கிக் குட்டிக் குட்டி முடிச்சாகத் தெரியும். இன்னொன்று, பழைய அட்டை மடங்கி விரிசல் விட்டிருக்கும். விரிசலுக்குள் மசி இறங்கியிருந்தால் மடங்கிய பிறகு போட்ட கையெழுத்து. துரை போட்டது என்றைக்கோ, மடங்கியது நேற்று என்று எவனாவது சொன்னால் கண்ணாடியை நீட்டி, "நீயே பாருலே" என்பேன். அந்த ஒரு வார்த்தை சொல்லும்போது எனக்கு உச்சந்தலை வரைக்கும் குளிரும்.

என் சிநேகிதன் ஒருவன் இருந்தான். அவன் அப்பா தோணித் தண்டல், அதாவது தோணிக்கு அவர்தான் தலைவர். கடலில் தள்ளி நிற்கிற கப்பலிலிருந்து சாமான் இறக்கப் போனபோது, நழுவி விழுந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெட்டியை அவர் முங்கி எடுத்துக் கொடுத்தார். பதிலுக்கு அந்த மனுஷன் ஒரு கிரிக்கெட் மட்டை கொடுத்தார். சுத்தமான இங்கிலாந்து மட்டை! அதுவரை நாங்கள் பனைமட்டையைச் செதுக்கி ஆடியவர்கள். அந்த மட்டை வந்த நாளிலிருந்துதான் எங்களுக்கு டீம் என்று பெயர்.

அந்த மட்டையைத்தான் அவன் கொடுத்துவிடப் போகிறேன் என்று வந்து நின்றான்.

கேட்டவர் ஒரு கப்பல் கம்பெனியின் குமாஸ்தா. எங்களைவிட ஏழெட்டு வயது பெரியவர், தங்கள் ஆபீஸ் டீமுக்கு முதல் ஆட்டக்காரர். தன்னிடம் ஒரு அட்டை இருப்பதாகவும், கொழும்பு ஆபீஸ்காரர் துறைமுகத்திலேயே கையெழுத்து வாங்கி அனுப்பியதாகவும் சொல்லியிருந்தார். யார் அட்டை? என் சிநேகிதன் ராத்திரி ஜெபத்தில் மாதாவுக்கு அடுத்தபடி நினைக்கிற அதே இங்கிலாந்து ஆட்டக்காரருடையது.

"ஒங்க அப்பா தோலை உரிச்சிருவாரு," என்றேன்.

"உரிக்கட்டும். மேல வேற தோலு வரும். அட்டை வருமா?"

சாயங்காலம் கடலுக்குள் நீட்டியிருக்கிற துறைமுகப் பாலத்துக்குப் போனோம். இரண்டு பக்கமும் பஞ்சுப் பொதி, நடுவில் குமாஸ்தா அண்ணாச்சி. அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். பார்வை முழுக்க மட்டை மேல்.

நான் கண்ணாடியை எடுத்தேன். கோடு பறந்தது! ஒரு முடிச்சு இல்லை, ஒரு தயக்கம் இல்லை. அட்டையில் மடிப்பே கிடையாது. சாய்த்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன். எல்லாப் பரீட்சையிலும் அட்டை பாஸ்.

"என்னலே, அட்டைய முழுங்கிருவ போலிருக்கு," என்றார் அண்ணாச்சி. "ஆச்சா? மட்டையக் கொண்டா."

சிநேகிதன் மட்டையை ஒரு முத்தம் கொடுத்து நீட்டியும் விட்டான். அட்டையை அவனிடம் தரப் போகும்போதுதான், துரையின் தொப்பிக்கு மேலே, படத்திலிருந்த நீல வானத்தில், ஈ உட்கார்ந்து எழுந்தது போல ஒரு புள்ளி கண்ணில் பட்டது. சும்மா ஒரு சபலத்தில் கண்ணாடியை அங்கே கொண்டுபோனேன்.

ஒரு சுழி. வலப்பக்கம் இழுத்த கோடு. கீழே பொடிசாக இரண்டு கோடு.

"கொடுக்காதலே!" என்று நான் போட்ட கூச்சலில் பொதி மேல் இருந்த காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தன. "பிள்ளையார் சுழி! துரை பிள்ளையார் சுழி போட்டிருக்காருலே!"

சிநேகிதன் மட்டையை வெடுக்கென்று பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் வீட்டில் தாளின் தலையில் சிலுவை போட்டுத்தான் எதையும் தொடங்குவார்கள். ஆனாலும் கடைச் சிட்டையில் எல்லாம் தினமும் பார்க்கிற சுழிதானே, தெரியாதா!

அண்ணாச்சி அசரவில்லை. "ஏன், வெள்ளைக்காரன் பிள்ளையாரக் கும்பிடப்பிடாதா? கொழும்புலயும் கோயில் இருக்கு."

"இறங்கினது ஒரு நாளு. அதுக்குள்ள கோயிலுக்கும் போயி, சுழி போடவும் படிச்சிட்டாராக்கும்?"

"எவனாவது கிறுக்கியிருப்பான். கையெழுத்து நெசம்லே. சந்தேகமா இருந்தா நான் எழுதித் தாரேன். எங்க வேணும்னாலும் காட்டுங்க!"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது அவருக்கு. சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார், ஒரு தாளைப் பொதி மேல் விரித்தார், இந்தக் கையெழுத்து உண்மையானது என்று உறுதி கூறுகிறேன் என்பதை இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். எழுதுவதற்கு முன்னால் கை தானாக மேலே போயிற்று. ஒரு சுழி. ஒரு இழுப்பு. பொடிசாக இரண்டு கோடு.

எழுதியவர் நின்றார். தான் போட்டதைத் தானே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். காலையிலிருந்து மாலைவரை பில்லும் சிட்டையும் எழுதுகிற கை அது, சுழி இல்லாமல் அதற்குத் தாளைத் தொடத் தெரியாது!

சிரிப்பு வந்தது பாருங்கள், எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொதியில் சாய வேண்டியதாயிற்று. சிநேகிதன் மட்டையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தே விட்டான். அண்ணாச்சியின் காது இரண்டும் சிவந்தது. கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். உதடு துடித்தது, மூக்கு விடைத்தது, பிறகு எங்கள் இரண்டு பேரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"கையெழுத்து மட்டும் எப்படி அண்ணாச்சி அப்படிப் பறக்குது?" என்றேன். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"மானேஜர் துரை ஊருக்குப் போனா அவரு கையெழுத்தையும் நான்தாம்லே போடுதேன். அது கெடக்கட்டும்." மட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எங்க ஆபீஸ் மட்டை வெறும் வெறகு. பந்து பட்டா தோள்பட்டை வரைக்கும் விறுவிறுங்குது. அதான் ஆசைப்பட்டுட்டேன்."

அட்டையைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றப் போனார்.

"அண்ணாச்சி, நில்லுங்க," என்றான் சிநேகிதன். "அந்த அட்டைய எனக்குத் தாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கள்ள அட்டைலே!"

"நெச அட்டை கொழும்புல எத்தன பேருட்டயோ இருக்கும். சுழி போட்ட துரை ஒலகத்துல எவன்ட்டலே இருக்காரு? ஆனா மட்டை தரமாட்டேன். ஒரு ஓவர் ஆடிக்கிடுங்க. ஆறு பந்து. அட்டைக்கு அதான்."

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. அட்டை அவன் சட்டைப்பைக்குள் போயிற்று, வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறிற்று. நான் கண்ணாடியைப் பத்திரப்படுத்திவிட்டுக் கிழிந்த பொதியிலிருந்து பஞ்சை உருவி, சணலால் இறுக்கிச் சுற்றிப் பந்து செய்தேன். முதல் பந்தைப் போட்டேன். அண்ணாச்சி நோகாமல் ஒரு சுழற்று. பந்து தலைக்கு மேலே எகிறிப் போய்த் தண்ணீரில் விழுந்தது. பக்கத்துத் தோணியில் சோறு பொங்கிக்கொண்டிருந்தவர் அகப்பையோடு எழுந்து எங்கள் மூன்று பேரின் குடும்பத்தையும் விசாரித்தார்.

அண்ணாச்சி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அதிரவே இல்லலே! கொஞ்சங்கூட அதிரல!"

"ஒண்ணு ஆச்சு," என்றான் சிநேகிதன், மட்டையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் அஞ்சுதான். ஏலே, குதிச்சுப் பந்த எடுத்துட்டு வாலே!"

நான் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடினேன்.