பூச்சு உரிந்த புத்தர்

என் தமையனாரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவது வாசிப்பவர்க்கும் எனக்கும் நல்லது.

எங்கள் பெற்றோர் பர்மாவில், மாந்தளை நகரில் துணிக்கடை வைத்திருந்தவர்கள். அந்நாட்டு அரசாங்கம் கடைகளைத் தன்வசமாக்கிக்கொண்டபோது, மற்றத் தமிழ்க் குடும்பங்களைப் போலவே கப்பலேறித் தாயகம் திரும்பினர். துறைமுகச் சோதனையில் அன்னையாரின் மூக்குத்தியைக் கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மெத்தைச் சுருளுக்குள் இருந்த வெண்கலப் புத்தரை மட்டும் எவரும் பார்க்கவில்லை. பிரியும் நாளில் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி கொடுத்தது அது. ஊத்தங்கரையில் குடியேறிய பிறகு அன்னையார் அதற்கு மாலைதோறும் விளக்கேற்றினார். அக்கம்பக்கத்தார் முனியப்பன் என்று நினைத்துக் கும்பிட்டுப் போனார்கள். அவர் திருத்தவில்லை.

முழ உயரச் சிலை. வலக்கை விரல்கள் நிலத்தைத் தொட்டிருக்கும். இங்கே அமர உனக்கு என்ன உரிமை என்று, தவத்தைக் கலைக்க வந்த மாரன் கேட்டபோது, பூமியையே சாட்சிக்கு அழைத்த கோலம் அது என்பதை நூலகத்தில் அமர்ந்து நானாகவே படித்தறிந்தேன். நெற்றிப்பட்டையில் பதித்த கண்ணாடிச் சில்லுகள், அலையலையாய் மடிந்த சீவர ஆடையின் ஓரம், ஒரே நீளமான விரல்கள்: இவை மாந்தளை தலைநகராய் விளங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் கைவண்ணம். மெழுகில் உருச்செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்திருக்கிறார்கள். அதன்பின் வழிபட வந்தவர்கள் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். கரிய உடம்பின்மேல் திட்டுத்திட்டாய் அது எஞ்சியிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அன்னையார் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவார். புத்தரைத் துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி. "யார் யாரோ வேண்டிகினு ஒட்டுனது. அதத் தேச்செடுக்க நாம யாரு?" என்பார்.

தந்தையாரின் கருமாதி முடிந்த அன்று, விருந்தினர் கைகழுவிக்கொண்டிருக்கையில், தமையனார் அந்தச் சிலையைத் தம் காரில் வைத்துக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டார். அங்கே வாகன உதிரிபாகங்களுக்கு நிக்கலும் குரோமியமும் பூசித்தரும் பட்டறை அவருக்கு உண்டு. வருகிறவர்கள் காணும்படி தம் மேசைமேல் வைத்தார். கேட்டபோது, "மூத்தவனுக்குத்தான்டா சேரும்," என்றார்.

அன்னையார் ஒருமுறை, எவரிடமும் சொல்லாமல், பேருந்து மாறி மாறி அந்தப் பட்டறைக்குப் போனார். ஒருதரம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பதற்கு மேல் அவருக்கு ஆசை இல்லை. ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்று காவலாளி வெளிவாயிலிலேயே நிறுத்திவிட்டான். வெயில் சாயும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்; பிறகே என்னிடம் சொன்னார். அதன்பின் காலியான மாடத்துக்கு விளக்கேற்றி வந்தார். அடுத்த மழைக்காலத்தில் அவர் காலமானார்; அந்த விளக்கும் நின்றது. அன்று எனக்குள் ஒன்று கெட்டிப்பட்டது. அந்தச் சிலையால் தமையனார் ஒரு நன்மையும் அடையலாகாது என்று உறுதி பூண்டேன்.

சென்ற ஆண்டு அவரே அழைத்தார். பெங்களூரிலிருந்து, பழஞ்சிலைகள் சேகரிக்கும் அம்மையார் ஒருவர் அதை வாங்க வருகிறாராம். "சரித்திரம் சொல்லணுமாம்டா. நீதான் புக்கு படிக்கிறவன். வந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போ."

போனேன். பட்டறையில், மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு நடுவே புத்தர் கிடந்தார்.

"பாரு, பூச்சு எப்படி உரிஞ்சிகினு இருக்குது. கஸ்டமர் பீஸா இருந்தா எப்பவோ ரிஜெக்ட்," என்றார் தமையனார். ஆயுள் முழுவதும் பூச்சு வேலை செய்தவரின் கண்ணுக்குத் தங்க ரேக்கு அப்படித்தான் தெரிந்தது.

"என்னண்ணா செய்யப் போறீங்க?"

"துணிச்சக்கரத்துல ஒரு பஃப் அடிச்சா கண்ணாடியாட்டம் ஆயிடும். அந்தம்மா அசந்துரும். நீ என்னா சொல்ற? புக்குல எதுனா போட்டிருக்குதா?"

கேட்டேவிட்டார். என் ஒரு சொல் அதைத் தடுத்திருக்கும். மூடிய வாயிலருகே நின்ற அன்னையாரை நினைத்துக்கொண்டேன்.

"உங்க தொழில் உங்களுக்குத் தெரியாததாண்ணா," என்றேன்.

தேநீர் வந்தது. வாங்கிக் குடித்தேன். துணிச்சக்கரம் சுழன்றது. ரேக்கு முதலில் போயிற்று. அடுத்துக் கருமை போயிற்று. நெற்றிச் சில்லுகள் தெறித்தன. இமைக்கோடும் இதழ்க்கோடும் மழுங்கின. புதிதாய் வாங்கிய குத்துவிளக்கைப்போல அது பளபளத்தது. தமையனார் தம் கைக்குட்டையால் கடைசித் தூசியைத் துடைத்து, தள்ளி நின்று ரசித்தார்.

அம்மையார் வந்தார். பார்த்ததும், "யாக்கே ஹீகே மாடிதிரி?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பது பொருள்.

"க்ளீன் பண்ணோம் மேடம். தம்பி, நீ சரித்திரத்தச் சொல்லு."

சொன்னேன். இலக்கணம் பிசகாமல், அவசரமில்லாமல் சொன்னேன். இந்த நெற்றியில் கண்ணாடிச் சில்லுகள் இருந்தன என்றேன். இந்தத் தோளில் தங்க ரேக்கு இருந்தது, முன்பின் அறியாத மனிதர்களின் வேண்டுதல் அது என்றேன். நூற்றாண்டுக் கருமை இருந்தது, அதுவே இதன் வயதுக்குச் சான்று என்றேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமையனாரின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று உதிர்ந்தது. அம்மையார் கைப்பையை எடுத்துக்கொண்டார். "நீங்க சொன்னதெல்லாம் இருந்திருந்தா வாங்கியிருப்பேன் சார்," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கார் போன பிறகு தமையனார் கேட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"தெரியும்ணா."

"வாயில என்னா வெச்சிருந்த? கேட்டேன் இல்ல?"

"அம்மா வாசல் கேட்டுல நின்னுச்சே, அன்னிக்கு நீங்க வெளிய வந்தீங்களா?"

அவர் சிலையை என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு, "எடுத்துகினு போ. என் கண்ணுல படக்கூடாது," என்றார்.

பழந்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் ஊத்தங்கரை வந்தேன். மாடத்தில் வைத்தேன். அன்னையார் கண்ட முகம் அதில் இல்லை. அந்த இழப்பில் என் பங்கும் உண்டு என்பதை அறிவேன், அறிந்தே அந்த விலையைக் கொடுத்தேன்.

விசேஷங்களுக்கு அவர் இவ்வழியே வரும்போது, உறவு விட்டுப்போகாதிருக்க என் வீட்டுக்கும் வருகிறார். மாடத்துக்கு நேரெதிரே நாற்காலியைப் போடுகிறேன். வேறு இடத்தில் உட்காரப் பார்ப்பார்.

"அங்க ஃபேன் காத்து வராதுண்ணா, இங்கயே உக்காருங்க," என்பேன்.

அந்தப் பளபளப்பில் அவர் முகம் அவருக்கே தெரியும். காபியை விரைவாகக் குடித்து முடிப்பார். நான் இன்னொரு தம்ளர் கொண்டுவரச் சொல்வேன்.