ஆடி மாசம் எடுத்த படம்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். பால் பாக்கெட்டைக்கூட அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்பேர்ப்பட்ட நான் ஒரு குறும்படம் எடுத்தேன், அதுவும் இன்னொருத்தனை நம்பி. நெட்டில் யார் வேண்டுமானாலும் வீடியோ போடலாம் என்று வந்த புதிது.

என் நண்பன் சேலையூரில் ஒரு கல்யாண வீடியோ கடையில் வேலை பார்த்தான். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, கேமரா பீரோவில் தூங்கும். முதலாளியிடம் கெஞ்சி அதை வாங்கி வந்தான். இரும்புலியூர் தெருக்களில் நாலு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். அவன் ஹீரோ. கதை, டைரக்‌ஷன், கேமரா பிடிப்பது எல்லாம் நான். மொத்தப் படமும் உள்ளங்கை அளவு கேசட் ஒன்றில் இருந்தது. வேறு காப்பி இல்லை.

எடிட் செய்யும் கம்ப்யூட்டர் கடையில் இருந்ததால் கேசட்டும் அங்கேயே இருந்தது. ஆவணி பிறந்தது. "வரிசையா கல்யாணம் கீது மச்சான், சிஸ்டம் ஃப்ரீயே ஆவல. புரட்டாசி வரட்டும்" என்றான்.

ஒருநாள் கேம்ப் ரோடு பிரௌசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பட்டென்று மூடினான்.

"இன்னாடா பாக்குற?"

"சும்மாடா."

சும்மா பார்ப்பவன் எதற்கு மூட வேண்டும்? அந்த வாரம்தான் திருமுடிவாக்கம் லேத் பட்டறைப் பையன்கள் ஒரு குறும்படத்தை நெட்டில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே இவன் ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர்களோடு சேர்ந்துகொண்டு, என் படத்தைத் தன் பெயரில் போடப் போகிறான்!

அந்தக் கடையில் கேசட்டின் மேல் எதையும் எழுத மாட்டார்கள். ஒரு கல்யாணத்தை டெலிவரி கொடுத்ததும் அதிலேயே அடுத்த கல்யாணத்தை எடுப்பார்கள். பெயர் டப்பாவின் மேல் மட்டும்தான். மறுநாள் கடைக்குப் போனேன். அவன் டீ வாங்கப் போன நேரம் எங்கள் டப்பாவைத் திறந்து, கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பழைய குவியலில் கிடந்த வேறொன்றை உள்ளே வைத்து மூடினேன். வெட்கமில்லாமல் அவன் கொண்டுவந்த டீயையும் குடித்தேன்.

புரட்டாசியின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"தப்பு பண்ணிட்டேன் மச்சான். நம்ம கேசட்டப் போட்டா எவனோட கல்யாணமோ ஓடுது. அவசரத்துல நான்தான் மேலயே ரெக்கார்ட் பண்ணிட்டேன் போல. உனக்குத் தெரியாம சென்டர்ல உக்காந்து எடிட்டிங்லாம் கத்துகினு இருந்தேன்டா. முழுசா முடிச்சிக் காட்டலாம்னு."

நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கேசட் என்னிடம் இருப்பது தெரிந்துகொண்டே என் வாயைப் பிடுங்குகிறான் என்று. அப்புறம் அவன் அழ ஆரம்பித்தான். எங்கள் படத்தில் ஒரு அழுகைக் காட்சி உண்டு. எத்தனை டேக் போயும் அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கடைசியில் முதுகைக் காட்டி நிற்கவைத்து எடுத்தேன். இவனுக்குப் பொய்யாக அழ வராது என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "பரவால்ல, வுடு" என்றேன். அதைவிடக் கேவலமாக நான் எதையும் பேசியதில்லை.

அடுத்த ஆடியில் அவன் மறுபடி கேமராவோடு வந்து நின்றான், முதலிலிருந்து எடுக்கலாம் என்று. எனக்கு வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினேன். கேசட் இன்னும் என் பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கிறது. அதை நெட்டில் போட்டால் முதல் ஆளாக அவன்தான் பார்ப்பான். அதனால் யாரும் பார்க்கவில்லை.

போன மாதம் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். தன் மகளிடம் அந்தக் கதையை மறுபடி சொன்னான். "மாமா எடுத்த படத்த அப்பாதான் அழிச்சிட்டேன். ஆனா மாமா ஒரு வார்த்தை திட்டலயே" என்று சொல்லி, எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினான்.