அம்மாளாச்சியின் மூக்குத்தி

அடியார்களே, கண்ணூறு பட்டாலும் பரவாயில்லை, பெருமையாகவே சொல்கிறேன்: என் மகள் ஆரணி கெட்டிக்காரி. ஆனால் போன வருடம் மாசி மாதம் அவளை மந்தம் என்று நானே நம்பி அழுதேன்.

நாங்கள் சுவிஸில், இன்டர்லாக்கன் நகரத்தில் இருக்கிறோம். இவருக்கு, ஆரணியின் அப்பாவுக்கு, ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. நான் அதே ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறேன். ஆரணி அப்போது இரண்டாம் வகுப்பு. ஒருநாள் வகுப்பு ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். பலகையில் உள்ளதைப் பிழை பிழையாக எழுதுகிறாள், கவனம் இல்லை, இப்படியே போனால் அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருத்த வேண்டிவரும் என்றார். என் தலையில் இடி விழுந்தது.

என்னால் நம்ப முடியவில்லை. தமிழ் வகுப்பில் தேவாரத்தைப் பலகையில் எழுதித்தான் பழக்குவார்கள். மற்றப் பிள்ளைகள் பார்த்துப் பாடுவார்கள். ஆரணி ஒருமுறை கேட்டால் போதும், பலகைப் பக்கம் திரும்பாமலே பாடிவிடுவாள். "பிறவி ஞானம்" என்று சனம் சொல்ல, நான் உச்சி குளிர்ந்து நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கா படிப்பு வராது?

கடைசியில் ஆசிரியை சொன்னதையே நம்பி, எங்கள் கோவில் அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தேன். "அம்மாளாச்சி, என்ரை பிள்ளைக்குப் புத்தியைக் குடு." வேறு வேண்டுதலே இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இதற்கெல்லாம் முந்தி, பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்த அன்று ஆரணிக்குக் காய்ச்சல். வெளியில் கொண்டுபோய்க் காட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பெண்பிள்ளை கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டுவான் என்று எனக்குப் பயம். "கரட் தின்னட்டும், அதுவே போதும்" என்று இவரிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தைப் பிரிட்ஜில் ஒட்டி, கோவில் திருவிழா அறிவித்தலை அதன் மேலேயே ஒட்டினேன்.

ஐந்தாவது வெள்ளி. கோவிலில் பூசை நேரம் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தேன். ஆரணி என் சேலையை இழுத்தாள்.

"அம்மா, அம்மாளாச்சிக்கு முகம் இருக்கோ?"

"என்னடி கதை இது? உனக்குத் தெரியேல்லையோ?"

"வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. உங்களுக்கு முகமும் தெரியுதோ?"

பத்து அடி தூரத்தில்தான் நின்றோம். பிள்ளைக்குப் புத்தி கேட்டேன். அம்மாளாச்சி முதலில் எனக்குத் தந்தாள்.

வீட்டுக்கு வந்து அந்த அறிவித்தலைக் கிழித்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கிழமையே கண் வைத்தியரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கல். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்று அழுதேன். எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று பிள்ளை நினைத்திருக்கும், அது எப்படிச் சொல்லும் என்று வைத்தியர் கேட்டார்.

ஊதா நிறக் கண்ணாடியை ஆரணியே தெரிந்தெடுத்தாள். இரண்டு மாதத்தில் ஆசிரியை மறுபடி கூப்பிட்டார். ஒரு வருடப் பாடத்தை இந்தப் பிள்ளை காதால் மட்டும் கேட்டே சமாளித்திருக்கிறது, மூன்றாம் வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம் என்றார். அன்று குசினியில் இவர் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி சூப்பை அடிப்பிடிக்க விட்டாராம்.

கண்ணாடியோடு கோவிலுக்குப் போன முதல் வெள்ளி நான் கண்ணை மூடவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தீபம் காட்டியதும் அவள் கத்தினாள்.

"அம்மா! அம்மாளாச்சிக்கு மூக்குத்தி இருக்கு! நீங்கள் சொல்லவே இல்லை!"

கோவிலே திரும்பிப் பார்த்தது. நான் அழுதபடி சிரித்தேன்.

நம்பிக் கும்பிடுங்கள், அவள் கைவிடமாட்டாள். ஆனால் அவள் அனுப்பும் உதவியை என்னைப்போல் பிரிட்ஜில் ஒட்டி மூடாதீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கண்ணை, நன்றாகப் படித்தாலும், தவறாமல் காட்டுங்கள்.

கண்ணாடி போட்ட என் மகளை யார் கட்டுவான் என்று இப்போது நான் கவலைப்படுவதில்லை. கட்டுகிறவன் கொடுத்துவைத்தவன்.