ஏரிக்கரைக் கப்டன்

என் கணவருக்குச் சுகர் இருக்கிறது என்று டொக்டர் சொன்ன கிழமையிலிருந்து அவர் நடக்கத் தொடங்கினார். நடப்பது நல்லதுதான். ஆனால் அவரால் எதையும் தனியாகச் செய்ய முடியாது. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் சனிக்கிழமைக் காலைகளில் நடப்பதற்கென்று ஒன்பது அண்ணைமாரைச் சேர்த்தார். வட்ஸ்அப்பில் ஒரு குழு வந்தது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ரீசேர்ட் வந்தது. பிறகு ஒரு கப்டனும் வந்தார். கப்டனைத் தெரிவு செய்ய வாக்கெடுப்பு ஏதும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

கப்டனான என் கணவர் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் மேற்பார்வையாளர். அங்கே முப்பது பேர் அவர் சொல்வதைக் கேட்கிறார்கள். வீட்டில் அந்த எண்ணிக்கை குறைவு. பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வெளியே போன பிறகு நான் ஒருத்திதான் மிச்சம். நானோ மிசிசாகாவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருபது வருடமாக இருப்பவள். யார் என்ன சொன்னாலும் சிரித்தபடி தலையாட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடப் பழகியவள்.

எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு நான் கேட்டது கியூபா. கடற்கரையில் ஒரு சாய்வு நாற்காலி, யாரோ சமைத்த சாப்பாடு. அவ்வளவுதான்.

"கியூபாவுக்குக் கண்டவன் நிண்டவன் எல்லாம் போறான். படுத்துக் கிடக்கிறதுக்கு ஏனப்பா பிளேன் ஏறுவான்? இதைப் பாரும்," என்று ஃபோனை நீட்டினார்.

வட வியட்நாம். மலைகளுக்கு நடுவே பச்சையாய் ஓர் ஏரி. ஹனோயிலிருந்து மூன்று நாள் பயணம், ஏரிக்கரைக் கிராமத்தில் இரண்டு இரவு, ஒருநாள் பன்னிரண்டு கிலோமீற்றர் மலைநடை. கீழே 'இலகு முதல் நடுத்தரம்' என்று எழுதியிருந்தது. அவர் அதை 'இலகு' என்று மட்டும் வாசித்தார்.

அதன்பின் இரண்டு மாதம் வீடு ஓர் இராணுவ முகாமாக இருந்தது. கணுக்காலைப் பிடிக்கும் மலைச் சப்பாத்து வந்தது. மடக்கி விரிக்கும் ஊன்றுகோல்கள் இரண்டு வந்தன. கழுத்துக்குப் பின்னால் திரைச்சீலை தொங்கும் தொப்பி ஒன்றும் வந்தது. இருபது இறாத்தல் அரிசி மூட்டையை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு பேஸ்மென்ற் படிகளில் ஏறி இறங்கினார். கீழே வாடகைக்கு இருந்த கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, அங்கிளுக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. வியட்நாம்," என்றேன்.

எனக்கு வேலைக்குப் போடும் ஓட்டச் சப்பாத்து இருந்தது. அதையே கொண்டுபோனேன். "அது மலைக்குச் சரிவராது, பிறகு என்னைத் தூக்கச் சொல்லக் கூடாது," என்று எச்சரித்தார். தலையாட்டினேன்.

ஹனோயிலிருந்து ஏரிக்கு வான் வண்டியில் ஐந்து மணித்தியாலம். அதில் கடைசி இரண்டு மணித்தியாலமும் வளைவுகள்தான். சாரதி எல்லோருக்கும் வாந்தி மாத்திரை நீட்டினார். நான் வாங்கி விழுங்கினேன். இவர் கையை அசைத்து மறுத்தார்.

"நான் யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு பஸ்ஸில நிண்டு கொண்டு போனவன்."

நாற்பதாவது வளைவில் அவர் பேசுவதை நிறுத்தினார். ஐம்பதாவதில் திரைச்சீலைத் தொப்பியைக் கழற்றி மடியில் கவிழ்த்தார். பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. தொப்பியை வழியில் ஓர் எண்ணெய் நிரப்பும் நிலையத்தில் குப்பைத் தொட்டியில் போட்டோம். அது நல்ல தொப்பி. உள்ளே ஒரு துளி கசியவில்லை.

ஏரியைப் பற்றி நான் கேலி செய்ய மாட்டேன். சுண்ணாம்புக்கல் மலைகள் தண்ணீர் விளிம்பு வரை நேராக இறங்கியிருந்தன. மரக்கால்களில் உயர்ந்து நின்ற வீடுகளுக்குக் கீழே கோழிகளும் மோட்டார்சைக்கிள்களும் ஒன்றாக நின்றன. அன்று மாலை நீண்ட ஒல்லியான படகில் எங்களை ஏற்றிப்போனார்கள். நடு ஏரியில் படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அமைதியைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் நிறுத்தினார் என்று எனக்கு விளங்கியது. என் கணவருக்கு, சத்தமில்லாமல் வீடியோ எடுக்கலாம் என்று விளங்கியது.

"வணக்கம் நண்பர்களே. நான் இப்ப நிக்கிறது வியட்நாமிண்ட வடக்கில. பின்னுக்குப் பாத்தீங்களெண்டால் நேச்சர்."

பின்னுக்கு நானும் இருந்தேன். கொஞ்சம் குனியச் சொன்னார். நேச்சரை மறைத்துவிட்டேனாம்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரிதான் எங்களுக்கு வழிகாட்டி. என் வயதிருக்கும், ஐம்பத்திரண்டோ ஐம்பத்து மூன்றோ. சிரித்தால் கன்னப்பக்கம் ஒரு பல் இல்லாத இடம் தெரிந்தது. தொழில்பழக்கத்தில் எனக்கு முதலில் அதுதான் தெரிந்தது. அவருக்கு ஆங்கிலம் பத்துச் சொல், எனக்கு வியட்நாம் மொழியில் நன்றி மட்டும். மிச்சத்தை அவருடைய ஃபோன் மொழிபெயர்த்தது.

மறுநாள் காலை நடை தொடங்கியது. வீட்டுக்காரி ஒரு துணிப்பையில் தண்ணீர்ப் போத்தல்களும் அவித்த சோளமும் போட்டுக்கொண்டு, ரப்பர்ச் சப்பாத்துடன் முன்னால் நடந்தார். என் கணவருக்கு அது பொறுக்கவில்லை. கப்டன் இரண்டாவதாக நடப்பது எப்படி? ஊன்றுகோல்களை டக்டக்கென்று ஊன்றி அவரைத் தாண்டினார். கையில் கட்டிய ஜீபிஎஸ் மணிக்கூட்டில் பாதை தெரிகிறது, பயமில்லாமல் பின்னால் வாரும் என்று என்னிடம் சொன்னார். வீட்டுக்காரி என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். அவரும் குலுக்கினார். அந்தச் சைகைக்கு ஃபோன் தேவைப்படவில்லை.

வயல் வரம்பில் என் கணவர் இருமுறை வழுக்கினார். இரண்டாம் முறை ஒரு கால் முழங்கால் வரை சேற்றில் போய், சப்பாத்து மட்டும் உள்ளே நின்றுவிட்டது. தோண்டி எடுத்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்த பிறகு, அவருடைய மணிக்கூடு எங்களை ஏற வேண்டிய மேட்டுக்குக் கூட்டிப்போகாமல் நேராக ஒரு வீட்டு முற்றத்துக்குக் கூட்டிப்போனது.

அங்கே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். புதுவீட்டுக்குக் கூரை போட்டு முடித்த விருந்து. பெரிய அண்டாவில் ஏதோ கொதித்தது. எங்கள் வீட்டுக்காரிக்கு அவர்கள் சொந்தம் போல. தன் விருந்தாளிகளை வேண்டுமென்றே அங்கு கூட்டி வந்தது போலக் கையசைத்து எங்களைப் பாயில் இருத்தினார். என் கணவரும் வேண்டுமென்றே வந்தது போலவே உட்கார்ந்தார்.

"உள்ளூர்ச் சனத்தோட பழக வேணும் எண்டுதான் இந்தப் பாதையை எடுத்தனான்," என்றார் என்னிடம்.

சின்னக் கோப்பைகளில் சோளச் சாராயம் வந்தது. சுகருக்காக மூன்று வருடமாய்த் தொடாத மனுஷன், மறுத்தால் மரியாதையில்லை என்று ஒன்று குடித்தார். மரியாதை கூடிக்கொண்டே போனது. ஐந்தாவது கோப்பையில், எதிரே உட்கார்ந்திருந்த அந்த வீட்டுப் பெரியவர், எழுபது வயது இருக்கும், நாங்கள் எந்த ஊர் என்று ஃபோனில் கேட்டார். இவர் கனடா என்றார். பெரியவர் எங்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்டார்.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஃபோனைக் கையில் வாங்கினார். எங்கள் நாட்டிலும் போர் நடந்தது என்றார். நாங்களும் எல்லாவற்றையும் விட்டு நடந்தோம் என்றார். மழையில், இலட்சக்கணக்கான சனத்தோடு, தலையில் மூட்டையோடு, ஒரே நடை. நாங்கள் நடந்தோம், நாங்கள் நடந்தோம் என்று அவர் சொல்லச் சொல்ல ஃபோன் அதை வியட்நாம் மொழியில் சொல்லிக்கொண்டேயிருந்தது. சுற்றியிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த நாளில் என் கணவர் ரொறொன்ரோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அதுவும் லேசான வேலையில்லை, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நடந்தது நான். அம்மா ஒரு கையில். தையல் மெஷினைக் கழற்றி, அதன் தலையை மட்டும் படுக்கை விரிப்பில் கட்டி மற்றத் தோளில். செம்மணி வெளியில் சனம் நகராமல் நின்ற நேரம் அதை எறிந்துவிடச் சொல்லி அம்மா கெஞ்சினார். நான் எறியவில்லை. எங்களுக்கு அப்போது அதற்கு ட்ரெக்கிங் என்று பெயர் தெரியாது. 'இலகு முதல் நடுத்தரம்' என்று யாரும் எழுதியும் வைக்கவில்லை.

கலியாணமான புதிதில் இந்தக் கதையை அவருக்கு ஒருமுறை சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நித்திரையாகிவிட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பெரியவர் ஏதோ கேட்டார். ஃபோன் ஆங்கிலத்தில் சொன்னது: எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "எத்தினை கிலோமீற்றரப்பா?"

"நான் மணிக்கூடு கட்டேல்லை," என்றேன்.

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் போத்தலை எடுத்து, என் கணவரின் நீட்டிய கோப்பையைத் தாண்டி, எனக்கு ஊற்றினார். தன் கோப்பையை என்னுடையதில் முட்டிவிட்டு ஒரே மடக்கில் குடித்தார். நானும் குடித்தேன். தொண்டை எரிந்தது. வாழ்க்கையில் எனக்கு அதுதான் முதல் சாராயம்.

எழும்ப வேண்டிய நேரத்தில் என் கணவரின் கால் சப்பாத்துக்குள் போக மறுத்தது. குதிகாலில் இரண்டு கொப்புளம், கால் வேறு வீங்கியிருந்தது. கோப்பை ஏழு ஆகியிருந்ததால் சப்பாத்து எங்கே இருக்கிறது என்பதிலும் அவருக்குக் கொஞ்சம் குழப்பம். அந்த வீட்டு மருமகள் ஐஸ் வாங்க ஏரிக்கரைக்கு மோட்டார்சைக்கிளில் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கப்டனைப் பின்னால் ஏற்றினார்கள். சப்பாத்தை லேஸால் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஊன்றுகோல்கள் முதுகில் இரண்டு கொம்புபோல் நின்றன.

"நான் நாலு கிலோமீற்றர் முடிச்சிட்டன். நீரும் ஏறும், மிச்சத்தை விடுவம்," என்றார்.

"மூண்டு பேர் ஏற ஏலாது. நீங்கள் போங்கோ."

போனார். வளைவில் மறையும்வரை அவர் ஒரு கையைத் தூக்கி எனக்கு வழி காட்டிக்கொண்டே போனார்.

மிச்சம் எட்டுக் கிலோமீற்றரும் நானும் வீட்டுக்காரியும் நடந்தோம். பெரும்பாலும் அவர் ஃபோனில் மகளோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தார். மொழி விளங்காவிட்டாலும் அது மகளோடு பிடிக்கும் சண்டை என்பது எனக்கு விளங்கியது. ஏற்றம் கடுமையாயிருந்தது. இரண்டு இடத்தில் கையையும் ஊன்றி ஏறினேன். மேட்டின் உச்சியில் உட்கார்ந்து சோளம் தின்றோம். ஏரி முழுவதும் கீழே தெரிந்தது. யாரும் எனக்கு அதை விளக்கவில்லை. எழும்ப மனமில்லை. அவ்வளவு நேரம் யாருக்கும் தலையாட்டாமல் இருந்து எத்தனை வருடம் என்று யோசித்தேன்.

வீட்டுக்காரி ஃபோனை நீட்டினார். உங்கள் கணவருக்குச் சுகமில்லையா என்று அதில் இருந்தது.

"இல்லை, அவர் கப்டன்," என்று பதில் சொன்னேன்.

அவர் வாசித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு திரும்ப நீட்டினார். 'என் கணவரும் அதுதான். வீட்டில் படுத்திருக்கிறார்.'

அந்த மேட்டில் இரண்டு பொம்பிளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என் ஃபோனைக் கல்லில் சாய்த்து வைத்து ஒரு படமும் எடுத்தோம்.

நாங்கள் இறங்கி வந்தபோது கப்டன் விறாந்தையில் வெந்நீர்ச் சட்டிக்குள் காலை வைத்துக்கொண்டு வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தார். "பன்னிரண்டு கிலோமீற்றர் அண்ணை. லேசில்லை. மனுசி கொஞ்சம் பிந்தி இப்பதான் வாறா."

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. களைப்பு ஒரு காரணம். இன்னொன்று, அவருடைய குதிகால் உண்மையிலேயே பார்க்கப் பாவமாயிருந்தது. நான்தான் மருந்து போட்டேன்.

ரொறொன்ரோவுக்குத் திரும்பி மூன்றாம் கிழமை, நடைக்குழு அண்ணை ஒருவரின் ஒஷாவா வீட்டில் ஒன்றுகூடல். பெரிய டீவியில் வியட்நாம் படங்கள். கப்டன் எழுந்து நின்று ஒவ்வொன்றாய் விளக்கினார். வயல், எருமை, படகு. பிறகு மேட்டின் உச்சி, நானும் வீட்டுக்காரியும் சோளத்தோடு.

"இது உச்சியில. ஏறினால்தான் தெரியும், சரியான கஷ்டம்," என்றார்.

ஓர் அண்ணையின் மனைவி என்னைப் பார்த்தார். "நீங்களும் முழுக்க நடந்தனீங்களோ அக்கா?"

"ஓம், அவவும் வந்தவ," என்று எனக்காக அவர் பதில் சொன்னார்.

இருபது வருடம் வரவேற்பு மேசையில் பழகிய தலை ஆடத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வாய் முந்திவிட்டது.

"இவர் நாலாவது கிலோமீற்றரில சாராய வெறியில மோட்டார்சைக்கிளில ஏறிட்டார். மிச்சம் நான் நடந்தனான்."

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புத் தொடங்கியது. அண்ணைமார் சிரிக்கலாமா என்று கப்டனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். கப்டனும் கடைசியில் சிரித்தார். ஆனால் அடுத்த படத்துக்குப் போகவில்லை.

திரும்பும்போது காரில் ஏஜெக்ஸ் நகர் தாண்டும்வரை அவர் பேசவில்லை. நான் அதைத் தண்டனையாக எடுக்கவில்லை. ஓய்வாக எடுத்தேன்.

"வெறி எண்டு சொல்லியிருக்கத் தேவையில்லை," என்றார் பிறகு.

"ஓம். அது தேவையில்லைத்தான்."

"மற்றது சரி."

எது சரி என்று நான் கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அண்ணைமாரின் மனைவிமாரும் ஆறு பேர் நடக்க வருகிறார்கள். அவர்களுக்கு ரீசேர்ட் வேண்டாமாம். நடைவேகம் கூடிவிட்டது என்று வட்ஸ்அப்பில் இரண்டு அண்ணைமார் முறையிட்டிருக்கிறார்கள். முறைப்பாட்டைப் பரிசீலிப்பதாகக் கப்டன் எழுதியிருக்கிறார்.