எலுமிச்சை வில்லையில் மணல்

‘சாப்ல்’ என்றால் மணல். அதில் தப்பே இல்லை. எந்தப் பிரெஞ்சு அகராதியைப் புரட்டினாலும் அப்படித்தான் போட்டிருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் நான். அத்தனை வருஷமும் பாடத்தில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் எனக்கு முகம் சுண்டிவிடும். பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இந்தச் சொல்லால்தான் என் அக்காவுக்கு வேலை போயிற்று என்றா? அதுவும் பொய். போனது சொல்லால் அல்ல, என்னால்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடியை இறக்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொடி போனதே தவிர, வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே கப்பலில் ஏறிப் போய்விடவில்லை. கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு மதாம் இருந்தார். கணவருக்கு ஏதோ காகிதங்களை ஒப்படைக்கிற உத்தியோகம். அந்த வீட்டில் என் அக்கா மூன்று வருஷமாகப் பாத்திரம் கழுவி, வீடு துடைத்து, மார்க்கெட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் புருஷன் சைகோனுக்குப் போய் இரண்டு கடிதம் போட்டார், அதோடு சரி. அக்கா லாஸ்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். என் நோட்டு, மை, சடைக்கு ரிப்பன் வரைக்கும் அவள் சம்பளத்தில் வந்ததுதான்.

மதாமுக்குத் தமிழ் வராது. அக்காவுக்குப் பிரெஞ்சு வராது. வா, போ, தண்ணீர், துணி, நாளைக்கு என்று இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு இருபது சொல் இருந்தது, அதை வைத்தே காலத்தை ஓட்டினார்கள். கூடத்து மேசைமேல் ஒரு பெண்ணின் புகைப்படம் இருக்கும். அக்கா அதைத் துடைக்கும்போதெல்லாம் மதாம் பக்கத்தில் வந்து நின்று, “மா சேர்” என்பாராம். என் சகோதரி என்று அர்த்தம். எங்கள் ஊரில் கன்னியாஸ்திரீகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதனால் முதலில் அக்கா, “யாரோ மடத்து அம்மா போல இருக்குது” என்று நினைத்திருக்கிறாள். அப்புறம் முகஜாடையைப் பார்த்துக் கூடப்பிறந்தவள் என்று கண்டுபிடித்ததை என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

அந்த வீட்டுச் சமையல்காரர் இன்னொரு குடும்பத்தோடு கப்பலேறிப் போனார். மதாம் அக்காவையே அடுப்படிக்கு மாற்றிப் பார்த்தார். ஒரு மாதம் சோதனை. கடைசி ஞாயிற்றுக்கிழமை விருந்து, நாலு பேர் வருகிறார்கள். அன்றைக்குச் சரியாகச் செய்துவிட்டால் அக்காதான் சமையல்காரி. எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைமேல் ஒரு கண் இருந்தது. பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறி, ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். பெரிய மனிதர் யாராவது நற்சான்றுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அக்கா என்னையே கூட்டிப்போய்க் கேட்கவைத்து, விருந்து முடிந்ததும் எழுதித் தருவதாக மதாம் ஒத்துக்கொண்டிருந்தார்.

விருந்துக்கு இனிப்பு, எலுமிச்சை வில்லை. அடியில் வெண்ணெய் மாவு, மேலே எலுமிச்சைச் சாறும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த மஞ்சள் பூச்சு, அதற்கும் மேலே சர்க்கரைப் பொடி. அக்கா பலமுறை பார்த்திருக்கிறாள், தின்றதில்லை. பழைய சமையல்காரரின் செய்முறைக் காகிதம் இருந்தது. பக்கத்து வீட்டுச் சமையல்காரருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும், அவரிடம் கேட்டுக்கொள் என்று மதாம் கைஜாடையில் சொன்னார். அக்கா அவரிடம் போகவில்லை. காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்து, என்னிடம் கொண்டுவந்தாள்.

“என் தங்கச்சி பிரெவே பாஸ் பண்ணவ. அந்த ஆளுகிட்ட போயி எதுக்கு நிக்கணும்?” என்றாள்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி இல்லாத வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டு வாசித்தேன். ராஜாக்கள், ஆறுகள், மலைகள் பற்றி எனக்குப் பிரெஞ்சில் நிறையத் தெரியும். அடுப்படியைப் பற்றி ஒரு பாடம்கூடப் படித்ததில்லை. மாவு, வெண்ணெய், முட்டை வரைக்கும் பிழைத்துக்கொண்டேன். ‘பாத் சாப்லே’ என்று ஒரு இடம் வந்தது, பாத் என்றால் மாவு. அடுத்த வரியில், விரல் நுனிகளால் ‘சாப்லே’ செய்யவும் என்று இருந்தது. சாப்லே என்றால் மணல் பரப்புதல். தோட்டத்துப் பாதைக்கு மணல் பரப்பினார்கள் என்று பாடத்தில் வந்திருக்கிறது. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“விரல் நுனியால மணல் தூவணும்” என்றேன்.

“மணலா? திங்கற பொருளுக்கா? நல்லா பாத்து சொல்லுடி.”

“எழுதியிருக்குதுக்கா. நத்தையையே திங்கறவங்க, மணலப் போட மாட்டாங்களா? உனக்கு என்ன தெரியும்?”

அந்தக் கடைசி மூன்று சொற்களை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்தாள். நான் அள்ளிவிட்டதற்கு, வேர்க்கடலை வறுப்பதை நினைத்து அவளே ஒரு நியாயம் கண்டுபிடித்தாள்.

“மல்லாட்ட வறுக்கறப்போ மணல் போடறோமே, அந்தாப்புல சூட்டுக்குப் போடறாங்க போல. தட்டுக்கு அடியில தூவி, மேல காயிதம் போட்டுடறேன்.”

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு பேரும் நடந்தே டவுனுக்குப் போனோம். அப்போது நம் கடற்கரையில் மணல் இருந்தது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் கல்தான் கிடக்கிறது. அக்கா ஒரு சொம்பு மணல் அள்ளி, உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் சலித்து, வாணலியில் போட்டு ஈரம் போகும்வரை வறுத்தாள். ஒரு தப்பை அவ்வளவு சுத்தமாகச் செய்தவளை நான் பார்த்ததில்லை.

காகிதத்தில் நாலு எலுமிச்சை என்று இருந்தது. “அவங்க ஊரு பழம் பெருசா இருக்கும்டி, நம்மூருதுல பத்து வேணும்” என்று அவளே கணக்குப் பண்ணிக்கொண்டாள். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும் என்று பச்சைத் தோலை மட்டும் மேலாகத் துருவினாள். மாவில் வெண்ணெயைப் போட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்து உதிர்த்தாள். புட்டு மாவைவிடப் பொடியாக, பொலபொலவென்று வந்தது. கையில் அள்ளி என்னிடம் காட்டினாள்.

“பாருடி, மணல் கணக்கா ஆயிடுச்சி.”

காகிதம் சொன்னது அதைத்தான். அவள் விரலும் செய்துவிட்டது, அவள் வாயும் சொல்லிவிட்டது. பிரெவே தேறிய நான்தான் பக்கத்தில் நின்றுகொண்டு, “சரி சரி, இப்போ மணலத் தூவு” என்றேன்.

தட்டில் மணல், அதன்மேல் வெண்ணெய் தடவிய காகிதம், அதன்மேல் மாவை அழுத்திப் பரப்பினாள். கீழும் மேலும் கரி போட்ட இரும்புப் பெட்டி அடுப்பில் பொன்னிறமாக வெந்தது. எலுமிச்சைக் கலவையை ஊற்றி மறுபடி உள்ளே தள்ளினாள். அடுப்படி முழுக்க வாசனை. ஆறியதும் கத்தியால் கீறி வில்லை போட்டாள். அடிக்காகிதமும் சேர்ந்து கிழிந்தது. வெண்ணெய் குடித்த காகிதம், அங்கங்கே மணலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பித் தட்டித் துடைத்தாள். மேலே சர்க்கரைப் பொடியைச் சலித்ததும், எது மணல் எது சர்க்கரை என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

கூடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. வில்லை போன கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. யாரோ இருமினார்கள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மதாம் ஒரு வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்தார். கழுத்துவரை சிவந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். தன்னிடம் யாரும் எதையும் காட்டவில்லை என்று அவர் சத்தியம் செய்துவிட்டுப் போனார். மதாம் என் பக்கம் திரும்பினார்.

“நீ கேட்டுச் சொல். இந்தக் காகிதத்தை இவளுக்கு வாசித்துச் சொன்னது யார்?”

அந்தக் கேள்வியை நான் தமிழில் ஒழுங்காகத்தான் கேட்டேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, மதாமைப் பார்த்தே பதில் சொன்னாள்.

“தங்கச்சிதான் படிச்சிச் சொன்னா. அவ சரியாதான் சொல்லியிருப்பா. எனக்குத்தான் புரியாம பூட்டுது. இந்த ஒரு தபா மன்னிச்சிக்கச் சொல்லு.”

இதை அப்படியே பிரெஞ்சில் சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு சொல்கூடக் கஷ்டமானதில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் கண்முன்னால் நின்றது அக்கா இல்லை, கடிதம். ஒரு செய்முறையை வாசிக்கத் தெரியாதவளுக்குப் பிரெஞ்சு ஆசிரியை வேலைக்கு யார் நற்சான்று கொடுப்பார்கள்?

“யாரும் வாசிக்கவில்லையாம், மதாம். மூன்று வருஷமாகப் பார்த்த பண்டம்தானே என்று தானாகவே செய்துவிட்டாளாம்” என்றேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல் சொன்னேன்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

கேட்காமல் சாப்பாட்டில் மணல் போடுகிறவளை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்றார் மதாம். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு, பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். மீதி மணலைச் சொம்போடு எடுத்துக்கொண்டு போய்க் கடற்கரையிலேயே கொட்டிவிட்டு வந்தாள். அவள் வருவதற்குள் மதாம் எனக்குக் கடிதம் எழுதி முடித்திருந்தார். கொடுத்த வாக்காம். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே மொழிபெயர்க்கும் நேர்மையான பெண் என்று அதில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு நடந்தோம். வழியில் ஒரு அரசமரத்தைத் தாண்டினோம். பிறகு அக்கா, “கடுதாசி கெடச்சிதா?” என்றாள்.

“கெடச்சிது.”

“கையில கசக்காத. வேர்வ பட்டா மை எறங்கிடும்” என்று வாங்கி, செய்முறைக் காகிதத்தை முடிந்துவந்த அதே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் அன்றைக்கு ராத்திரி தூங்கினேன். அடுத்த வாரம் எனக்கு வேலை கிடைத்தது. அக்கா ஊரார் மல்லாட்டைக் கொல்லைகளில் களை பறிக்கப் போனாள். அதற்குப் பிறகு அவளுக்கு டவுனில் வேலைக்கு ஒரு வீடும் அமையவில்லை. மணல் போட்ட கதை தெருவுக்குத் தெரு சிரிப்பாகப் போயிருந்தது. நானும்கூட ஒருநாள் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்ல, அந்தக் கதையைக் கேட்டு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஐந்து வருஷம் கழித்து, பள்ளியின் தையல் அறையில் கிடந்த ஒரு பிரெஞ்சுச் சமையல் புத்தகத்தைப் புரட்டினேன். சாப்லே: மாவையும் வெண்ணெயையும் மணல்போல் உதிரும்வரை விரல் நுனியால் தேய்த்தல். நின்றபடியே நாலைந்து தடவை படித்தேன். உதிர்ந்த மாவை ஏந்திய அக்காவின் கை கண்முன் வந்தது. வெட்கத்தில் புத்தகத்தைத் தலைகீழாக அலமாரியில் செருகிவிட்டு வந்தேன்.

அந்த விடுமுறையில் இரும்புப் பெட்டி அடுப்பு ஒன்றை இரவல் வாங்கி, பத்து எலுமிச்சம்பழம் பிழிந்து, நானே வில்லை செய்தேன். ஓரம் கொஞ்சம் கருகிவிட்டது, மற்றபடி பழுதில்லை. கொல்லையிலிருந்து வந்த அக்கா கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். களை பறித்துப் பறித்து அவள் நகமெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அந்தப் பண்டத்தை அவள் வாயில் வைத்தது அன்றைக்குத்தான்.

“அக்கா, அன்னிக்கி மணல் போட்டோமே, அது தப்புக்கா. சாப்லேன்னா மாவை மணல் மாதிரி உதிர்க்கறதாம். நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்.”

ஐந்து வருஷமாக உள்ளே வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டேன். சின்னப் பாதியை.

“அப்ப நான் கையில உதிர்த்துக் காட்டினனே, அதுதானா அது?”

“அதேதான்.”

“அட, நான் சரியாத்தான் செஞ்சிருக்கறன்!” என்று அவள் சிரித்தாள். எனக்கும் மூச்சு வந்தது. தீர்ந்தது என்றே நினைத்துவிட்டேன். அவள் மீதியை வாயில் போட்டு, நிதானமாக மென்று முழுங்கினாள்.

“தப்பாப் படிக்கறது யாருக்கும் வர்றதுதான். அத நான் அன்னிக்கே உட்டுட்டேன்” என்றாள். பிறகு, ஏதோ மார்க்கெட்டில் விட்டுவந்த சாமானைக் கேட்பதுபோல, “நான் தங்கச்சின்னு சொன்னேன். நீ அந்தம்மாகிட்ட சொன்னதுல மா சேர் வரவே இல்லியே” என்றாள்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். அவ்வளவுதான். கொல்லை மண் காயாத பாதத்தை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அன்றைக்குப் போலவே என் வாயைப் பார்த்தாள்.

நான் தட்டை அவள் பக்கம் தள்ளி, “இன்னொண்ணு எடுத்துக்கோக்கா” என்றேன்.

எடுத்துக்கொண்டாள்.