முதலாளி தூக்கிய மூடை

சங்கரன்கோவிலில் பருத்திக்கொட்டைக் கடை வைத்திருந்த சிவனாண்டி, நாற்பத்தைந்து வயது வரைக்கும் கல்லாவை விட்டு எழுந்தது அபூர்வம். தொந்தி அப்படி. 1952-இல் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. சோதனைக் குழாயில் நீல மருந்தோடு சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தால் செங்கல் நிறம்; சர்க்கரை அவ்வளவு அதிகம்.

டாக்டர் தினமும் இன்சுலின் ஊசி போடச் சொன்னார். "ஒடம்பு வணங்கி வேலையும் செய்யணும் அண்ணாச்சி. சதை உழைச்சா, ரத்தத்துல கெடக்க சர்க்கரைய அதுவே இழுத்துக்கிடும்."

கடையில் வேறென்ன வேலை இருக்கிறது? சிவனாண்டி மூடை தூக்கக் கிளம்பிவிட்டார். சுமைகாரர்களின் தலைவன் ராமசுப்பு பதறினான்.

"மொதலாளி, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடாதிய."

"கூலி ஒனக்குத்தாம்ல. மூடைய மட்டும் எனக்குக் குடு."

முதலில் அரை மூடை. சில மாதத்தில் முழு மூடை முதுகில் ஏறியது. குழாயில் செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. நீலம் வந்தால் சர்க்கரையே இல்லை என்று அர்த்தம். அதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று ஆசை வந்தது. ஒரு காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, மனைவி சங்கரம்மாள் வைத்த இட்லியைத் தொடாமல் கடைக்குப் போய், மூடை மூடையாகச் சுமந்தார்.

திடீரென்று வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. தராசுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, "ஏட்டி சங்கரம்மா, ஏன்ட்டி இப்படி எளைச்சுப் போயிட்ட?" என்று அழத் தொடங்கினார்.

"பேய் புடிச்சிட்டு!" என்றான் ராமசுப்பு. நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி, கோமதியம்மன் சன்னதியில் புத்தி பேதலித்தவர்களை உட்காரவைக்கும் சக்கரக் குழியில் உட்காரவைத்தார்கள். யாரோ ஒருத்தி அவர் வாயில் சர்க்கரைப் பொங்கலை ஊட்டினாள். வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, "ஏலே, அம்புட்டுப் பேரும் இங்கன நின்னா கடையில ஆரு இருக்கா?" என்று அதட்டினார்.

பேய் இறங்கியது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. டாக்டர் தலையிலடித்துக்கொண்டார்.

"ஊசி ஒரு பக்கம் சர்க்கரைய எறக்குது. மூடை தூக்குத சதை மறுபக்கம் குடிக்குது. வயிறும் காலின்னா மூளைக்கு என்ன மிஞ்சும்? வேர்வையும் நடுக்கமும் ஒடம்பு போடுத கூப்பாடு, அண்ணாச்சி."

ஊசி மருந்தைக் குறைத்தார். தின்றுவிட்டுத் தூக்கச் சொன்னார். டாக்டர் சொன்ன காரணத்தைச் சங்கரம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை; பேயை ஓட்டியது அம்மன்தான் என்று வெள்ளிதோறும் பொங்கல் வைத்தாள். புருஷனுக்கு மட்டும் தரவில்லை.

அடுத்த வருஷம் சிவனாண்டியின் தொந்தி கரைந்து, தோள் திரண்டுவிட்டது. ஒருநாள் ராமசுப்பு ரகசியமாக டாக்டரிடம் போய் நின்றான்.

"மொதலாளிக்குப் போடுத ஊசிய எனக்கும் ஒண்ணு போடுங்கய்யா. மூடை லேசா இருக்கும்லா?"